கணினித் திரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினி வாங்கும்போது, திரை பெரிதாயிருந்தால் தெளிவாயிருக்கும் என நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முற்றும் சரியன்று. திரை என்பது சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளின் தொகுதி. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் அடங்கியுள்ளன என்பதே தெளிவின் அளவுகோல்.

குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் கொண்ட 27 அங்குலத் திரையில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 82 புள்ளிகள் உண்டு. அதே புள்ளிகள் 32 அங்குலத் திரையில் பரவினால் 69 ஆகக் குறையும். ஆனால் 3840, 2160 புள்ளிகள் கொண்ட 'ஃபோர் கே' திரை 27 அங்குலத்தில் 163 புள்ளிகள் தரும்.

1987இல் நிறைவுற்ற நம் திருவரங்கத்து இராஜகோபுரம் 13 நிலைகளும் 236 அடி உயரமும் உடையது. அதன் படம் திரையின் முழு உயரத்தையும் நிரப்பினால், முதல் திரையில் ஒரு நிலைக்குச் சராசரியாக 83 புள்ளிகளே கிடைக்கும். ஃபோர் கே திரையில் 166 கிடைக்கும். நுண்ணிய வேலைப்பாடுகள் எதில் நன்கு தெரியும் எனக் கூறவும் வேண்டுமோ!

எழுத்துக்கும் இது பொருந்தும். ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், எகர ஏகார வேறுபாட்டைத் தெளிவாக்கினார். 'எரி' என்பது 'ஏரி' ஆவது ஒரு சிறு கோட்டினாலன்றோ? அக்கோடு மங்கினால் கண்ணுக்குத்தான் துன்பம்.

நுண்ணிய திரையில் எழுத்து சிறுத்துத் தோன்றும். ஆகவே கணினியில் எழுத்தளவைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். நம் கணினியும் இணைப்புக் கம்பியும் அத்தனை புள்ளிகளைத் தாங்குமா என்றும் கேட்டறிய வேண்டும்.

கடையில் சிறிய தமிழ் எழுத்துகளைத் திரையிலிட்டு, கை நீட்டும் தூரத்தில் அமர்ந்து வாசித்துப் பார்ப்போம். அங்குலத்தை மட்டுமன்றிப் புள்ளிகளையும் எண்ணி வாங்குவோமாக!