குளிரில் மக்கர் பண்ணும் பழைய டீசல் கார்: எதில் முதலில் கைவைப்பது?

கோயம்புத்தூரில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டீசல் கார், அங்கே சாவியைத் திருப்பியதும் கிளம்பியிருக்கும். அதையே ஊட்டிக்கு ஏற்றி, மார்கழி இரவு முழுக்க வெட்டவெளியில் நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் அவருக்கே அந்தக் கோளாறு தெரிந்திருக்காது. காமன் ரெயில் டீசல் இன்ஜின், சமவெளி வெப்பத்தில், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் துணை இல்லாமலே கிளம்பிவிடும். நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் கோவை வெயிலில் வெளியே தெரியாது.

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் இந்த ரகம். பழைய இண்டிகாவின் 1.4 லிட்டர் டீசல் வேறு சாதி. அதில் டீசல் முதலில் ஒரு சிற்றறைக்குள் எரிந்து பிறகு சிலிண்டருக்கு வருகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால் மிதமான காலையில்கூட அதற்கு ஹீட்டர் பிளக் வேண்டும். கோளாறு இருந்தால் கீழேயே காட்டிக்கொடுத்துவிடும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று சந்தைக்கு வரும் ஸ்விஃப்ட் டீசல் எல்லாமே வயதான வண்டிகள்தாம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் தை மாதம் புல்மேல் உறைபனி படியும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். காற்றும் குளிர்ந்து, அழுத்தமும் குறைந்து, பேட்டரியும் விறைத்திருக்கும் நேரத்தில் இன்ஜினிடம் மிச்சம் இருக்கும் பலம் எவ்வளவு என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது என்ன? பேட்டரியை மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் டீசல் ஃபில்டர், அப்புறம் ஹீட்டர் பிளக், கடைசியில் இன்ஜெக்டர். ஒவ்வொன்றுக்கும் காசு போகும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எது பழுது என்பதைக் குளிர்ந்த இன்ஜின் முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்த அரை நிமிடத்தில் காதால் கேட்பதும் சைலன்சர் வாயைப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள்.

உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா?

வாங்குவதற்கு முன் பார்க்கிறீர்கள் என்றால், காரை உங்கள் இடத்துக்கு ஓட்டிவரச் சொல்லாதீர்கள். "அண்ணே, நீங்க காலையில எடுக்க வேண்டாம், ஆறு மணிக்கு நானே வீட்டுக்கு வந்துடறேன், சாவி நான் போடறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டையும் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குச் சோதனை கிடையாது. இன்னொரு காலை வர வேண்டியதுதான். ப்ளூடூத் ஸ்கேனர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலண்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் காட்ட வேண்டும்.

சாவியை முதலில் ஆன் வரை மட்டும் திருப்புங்கள். சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து அணைய வேண்டும். செக் இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும். செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதைப் பிடுங்கி வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியில் மேற்கொண்டு நேரம் செலவழிக்க மாட்டேன்.

செல்ஃப் சுற்றும் விதம்

இப்போது செல்ஃப் போடுங்கள். இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லையா? முழு விசாரணையும் இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. இழுத்துச் சுற்றினால் கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பக்கம். விறுவிறுவென்று சுற்றினால் பேட்டரியை மறந்துவிடுங்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது.

இழுத்துச் சுற்றும் வண்டிக்கும் உடனே புது பேட்டரி வாங்க வேண்டாம். மல்டிமீட்டரில் இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது சுமார் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். உறைநிலைக் குளிரில் நல்ல பேட்டரியே மூன்றில் ஒரு பங்கு வரை பலம் இழக்கும். நான்கு வருடப் பேட்டரி அங்கே தாங்காமல் போவதில் அதிசயமில்லை. ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்றும் பாருங்கள். வரவில்லை என்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், புது பேட்டரியையும் அது பட்டினி போட்டுவிடும்.

பேட்டரியா, வயரா என்று பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடுங்கள். கருப்புக் கேபிளை உங்கள் பேட்டரி முனையில் மாட்டாமல் இன்ஜின் உடம்பிலுள்ள கனமான இரும்பில் மாட்டுங்கள். சட்டென்று சுற்றினால் பேட்டரியோ எர்த் வயரோதான் பழுது. அப்போதும் இழுத்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எர்த்தைத் தனியே பிரிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்துச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் துரு அல்லது தளர்வு. மழையும் பனியும் மாறி மாறி அடிக்கும் நீலகிரியில் இந்தத் துரு சகஜம். சுரண்டித் துடைத்து முறுக்கினால் போதும்.

இழுவைக்கு இன்னொரு காரணம் ஆயில். மல்டிஜெட்டுக்கு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. தேய்ந்த இன்ஜினின் சத்தத்தையும் புகையையும் அடக்க 20டபிள்யூ-50 ஊற்றி விற்பவர்கள் உண்டு. சமவெளியில் அது ஒளிந்துகொள்ளும், பனிக்காலையில் குழம்பாக நின்று செல்ஃபை அமுக்கும். விற்பவரிடம் கடைசி சர்வீஸ் பில்லைக் கேளுங்கள், எந்த ஆயில் என்று அதில் இருக்கும்.

வெள்ளைப் புகை வருகிறதா?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஒருவர் செல்ஃப் போட, இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடையோடு வந்தால், டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் இன்ஜெக்டரைக் கழற்றும் ஒர்க்‌ஷாப்புகளைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

புகை வந்தால் சந்தேகம் இரண்டு பேர்மேல்: ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை இறுக்கும் பலம்). இவற்றைப் பிரிக்க, சாவியை ஆன் செய்து சுருள் விளக்கு அணையும் வரை பொறுங்கள். ஆஃப் செய்து மறுபடி அதையே இரண்டு மூன்று முறை செய்துவிட்டுச் செல்ஃப் போடுங்கள். முன்பைவிட எளிதாகப் பிடித்தால் சில பிளக்குகள் செத்து, மற்றவை சுமையைத் தாங்குகின்றன. மாற்றமே இல்லை என்றால் எல்லாம் செத்திருக்கலாம், அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே போயிருக்கலாம், அல்லது கம்ப்ரஷனாக இருக்கலாம். அப்போது ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, செல்ஃப் சுற்றும்போது தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடான காற்றை உள்ளே காட்டுங்கள். அந்தச் சூட்டில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் பழியைப் பெரும்பாலும் பிளக் பக்கம் போடலாம். இந்த இடத்தில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. சிவந்து நிற்கும் பிளக்கில் ஈதர் பட்டால் வேளை கெட்டு வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

பிளக்கை உறுதிசெய்யக் கழற்ற வேண்டியதில்லை. அதன் தலையிலுள்ள வயரை எடுத்துவிட்டு, 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக் தலையிலும் வையுங்கள். விளக்கு எரிந்தால் உள்சுருள் அறுபடவில்லை. எரியாவிட்டால் செத்த பிளக். நான்கும் எரிந்தால் வயர்மேல் சந்தேகப்படுங்கள்: சாவி ஆனில் அங்கே 11 வோல்ட்டாவது வர வேண்டும். டெஸ்ட் லேம்ப் சோதனைக்குக் குளிர் தேவையில்லை, கோவையில் நடுப்பகலிலும் செய்யலாம். மலைக்கு ஏற்றும் டீசல் கார் எதையும் இது இல்லாமல் வாங்காதீர்கள்.

ஸ்கேனரில் பி0671 முதல் பி0674 வரை எரர் கோடு ஏதாவது இருந்தால் அது எந்த சிலிண்டரின் பிளக் என்பதையே சொல்லிவிடும். ஆனால் எல்லா வண்டியும் தனித்தனியே கண்காணிப்பதில்லை, கோடு வரவில்லை என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

ஒன்று செத்திருந்தால் நான்கையும் மாற்றுவதா? நான்கும் ஒரே வயது என்பதால் மாற்றுவதே நல்லது என்பேன், ஒரு விலக்கோடு. பல வருடம் கார்பன் பிடித்து இறுகிய பிளக், முறுக்கும்போது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம், சில நூறு ரூபாய் சாமானுக்குப் பல ஆயிரம் செலவு. அதனால் முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது, முறுக்குவிசை பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள பிளக் ஒன்று அசையவே மறுத்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிளக்குகள் சரி, கரண்ட் சரி, சூடான காற்றும் உதவவில்லை என்றால் கம்ப்ரஷன். அதற்குக் காதிலேயே ஒரு அடையாளம் உண்டு. செல்ஃப் சுற்றும் தாளம் சீராக இல்லாமல், நாலு அடிக்கு ஒரு அடி தப்பி ஓடும். அந்த சிலிண்டரில் இறுக்கம் இல்லை. கேஜ் வைத்து அளந்து உறுதிசெய்யலாம்.

புகையே இல்லை என்றால்

இரவில் டீசல் பைப்பில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே வடிந்திருக்கலாம். இதற்குக் குளிர் காரணமே அல்ல, நின்ற நேரம்தான் காரணம். பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி மாலையில் எடுத்தாலும் மக்கர் பண்ணினால் இதுதான். கை பம்ப் உள்ள வண்டியில் காலையில் அதை இறுகும் வரை அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். உடனே கிளம்பினால் ஏர் பிடிக்கிறது. ஃபில்டர் ஓரிங்கும் பைப் கிளிப்பும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

இன்ஜெக்டரைச் சந்தேகிக்கும் முன் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தேய்ந்த இன்ஜெக்டர் சூடான இன்ஜினில்தான் அதிகம் படுத்தும். சூடான டீசல் நீர்த்து, திரும்பும் குழாய் வழியே கசிந்து, ரெயிலில் அழுத்தம் ஏறாது. குன்னூர் டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி எடுக்கும்போது மக்கர், காலையில் சுகம் என்றால் இன்ஜெக்டர் அல்லது ஹை பிரஷர் பம்ப். நான்கு இன்ஜெக்டரின் கசிவையும் நான்கு சின்ன பாட்டில்களில் பிடித்து அளவை ஒப்பிட்டால் எது என்று தெரியும்.

டீசல் உறைந்துவிட்டது என்ற பேச்சும் அடிபடும். லடாக்கில் அது நிஜப் பிரச்சினை, அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது. ஊட்டியில் அதைக் கடைசியாக நினைத்தால் போதும்.

பெட்ரோல் கார் என்றால் வேலை சுலபம். சாவியை ஆன் செய்து இரண்டு நொடி பொறுத்து ஆஃப், இதை மூன்று முறை செய்தபின் உடனே கிளம்பினால் டேங்குக்குள் இருக்கும் பம்பின் வால்வு அழுத்தத்தைத் தாங்கவில்லை. அதிலும் மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும், ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையையும் பாருங்கள். பனிக்காலையில் சென்சார் 70 டிகிரி என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. கேஸ் கிட் போட்ட வண்டியில் பெட்ரோல் டேங்கைக் காயவிட்டு ஓட்டியிருப்பார்கள். பம்ப் கருகியிருக்கும்.

வாங்கலாமா, விடலாமா

பேட்டரி, எர்த், ஹீட்டர் பிளக், ரிலே, ஏர் பிடிப்பது, சென்சார் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும் வண்டியை வாங்கலாம். செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், இறுகிய பிளக்குக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகப் பேசுங்கள். இன்ஜெக்டர் என்றால் ஒன்றுக்கு அல்ல, நான்குக்கும் சேர்த்துக் கழிக்கக் கேளுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்துவிடுங்கள். கம்ப்ரஷன் குறைந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மலைவாசிக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் காரைக் காலையில் ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போவதில் பயனில்லை, போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாகி எல்லாம் சரியாகவே இருக்கும். முதல் நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே போடட்டும். அதற்கு முன் வீட்டில் ஒரு காலை, செல்ஃப் சத்தமும் சைலன்சர் புகையும் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிவையுங்கள்.