தோட்டச் சங்கமும் அதன் பொருளீட்டமும்

கல்லூரிகளிலே தோன்றும் சங்கங்களுள் தோட்டச் சங்கத்தைப்போலத் தொடங்குதற்கு எளியதும் நிலைபெறுதற்கு அரியதும் பிறிதொன்றில்லை. தமிழ் மன்றம் ஒரு தவணை உறங்கிக் கிடந்தாலும் மறு தவணையில் எழுந்து ஒரு பட்டிமன்றத்தை நடத்திவிடலாம். சதுரங்கக் கழகத்தின் காய்கள் பெட்டியினுள் எத்தனை மாதமும் பொறுத்திருக்கும். நாற்றோ பொறுத்திராது. கோடையிலே சில நாள் நீர் இன்றேல் அது கருகிவிடும்; கருகியதன்பின் கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதாற் பயனில்லை. ஆதலின் தோட்டச் சங்கத்துக்குப் பொருள் வேண்டும் என்னும்போது, அப்பொருள் உரிய காலத்தில், ஆண்டுதோறும் தவறாது வேண்டும் என்பதே கருத்தாகும். இக்கட்டுரை அதனை ஈட்டும் வழியைப்பற்றியது.

பொருள் சேர்ப்பதற்கு நம்மவர் கையாளும் வழிகள் யாவருமறிந்தவை. சந்தா வாங்குவர், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பர், களியாட்ட விழாவில் ஒரு கடை போடுவர், இக்காலத்தில் இலண்டனிலும் தொரன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர்க்கு மடல் எழுதுவர். இவற்றை யான் இழித்துரைக்க வரவில்லை. எனினும் சீட்டு விற்கும் மாணவன் சீட்டு விற்கப் பழகுகிறானேயன்றிச் செடி வளர்க்கப் பழகுவதில்லை. தோட்டத்தின் பொருள் தோட்டத்திலிருந்தே பிறக்குமாயின், ஈட்டுந் தொழிலும் கற்குந் தொழிலும் ஒன்றாகிவிடும்.

இதற்குப் பிறநாட்டிலே நிகழ்ந்த ஒரு முயற்சியை முதலில் நோக்குவோம். இங்கிலாந்தில் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பேணும் தாதியர் சேவை, 1859 ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்திலே வில்லியம் இரத்போன் என்னும் வணிகரால் தொடக்கப்பெற்றது. பிற்காலத்தில் அச்சேவையை நடத்திய நிறுவனத்துக்குப் பொருள் தேவைப்பட்டபோது, அதன் சபையைச் சேர்ந்த எல்சி வாக் என்னும் அம்மையார் ஒரு யோசனை கூறினார். நாட்டிலே அழகிய தோட்டங்கள் பல தனியார் மதில்களுக்குள் மறைந்து கிடக்கின்றன. அவற்றின் வாயில்களைத் திறந்து, வருவோரிடம் தலைக்கு ஒரு சிலிங் பெற்றால் என்ன என்பதே அது. 1927 ஆம் ஆண்டில் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் தமது சாண்டிரிங்காம் தோட்டத்தைத் திறந்துவைத்தார். அவ்வாண்டிற் சேர்ந்த தொகை 8,000 பவுணுக்கு மேலாகும். பவுண் ஒன்றுக்கு இருபது சிலிங்காகக் கணக்கிட்டால் 160,000 சிலிங். ஏறக்குறைய அத்தனை பேர் படலைகளைக் கடந்து உட்சென்றனர் எனலாம்! 1948 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் மருத்துவ சேவையைப் பொறுப்பேற்றபோதும் இவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. இன்றும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் இத்திட்டத்தின்கீழ்த் திறக்கப்படுகின்றன. பலவற்றில் தேநீரும் பலகாரமும் உண்டு. உபரியாக வளர்ந்த கன்றுகளும் விற்பனைக்கு வைக்கப்படும்.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அவர்கள் புதிதாக எப்பொருளையும் தேடிச் செல்லவில்லை. தம்மிடமிருந்த தோட்டத்தையே காட்டினர். அதில் மிகுந்ததையே விற்றனர். அந்நாட்டுக் கிராமங்களிலுள்ள சிறு தோட்டச் சங்கங்களும் வசந்தகாலத்தில் ஒரு கன்று விற்பனை, கோடை முடிவில் ஒரு கண்காட்சி என்னும் இவற்றைக்கொண்டே பெரும்பாலும் தம் செலவை நடத்திவருகின்றன. நம் முன்னோருக்கும் இக்கருத்துப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே, திருநந்தவனத்துக்கும் அதனைப் பேணுவோரின் வாழ்வுக்குமாக நிலம் விடப்பட்ட செய்திகள் பல உள. பூந்தோட்டத்தை அமைத்தவர்கள் அதற்கு நீர் இறைப்பவனின் உணவையும் சேர்த்தே எண்ணினார்கள்!

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திற் பெய்கிறது. வீட்டுக்கு வீடு கன்று நடும் காலம் அதுவே. கன்றை விற்கும் காலமும் அதுவே. ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு கன்று விற்பனைத் தினத்தை வைத்தால், நவராத்திரியை ஒட்டிப் பெற்றோரும் பழைய மாணவரும் கல்லூரிக்கு வரும் வாய்ப்பும் உண்டு. ஆனால் ஒக்டோபரில் விற்கவேண்டிய கன்று ஓகஸ்டிலே உயிரோடிருத்தல் வேண்டும். ஓகஸ்டிலோ சோளகக் காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். வழமையான தவணை ஒழுங்கின்படி கல்லூரியும் பூட்டப்பட்டிருக்கும். கல்லூரித் தோட்டங்கள் பல மாண்டுபோவது இம்மாதத்திலேதான். பூச்சியாலும் புழுவாலும் அழிந்தவை இதனோடு ஒப்பிடச் சிலவே.

எனவே பயிரைத் தெரிவதிலே சிறிது சூழ்ச்சி வேண்டும். செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை ஆகியவற்றைத் தண்டு வெட்டி வைத்தோ பதிவைத்தோ வைகாசி, ஆனியில் தொடங்கிவிடலாம். விடுமுறைக்கு முன்னரே அவை வேரூன்றிவிடும். மாதுளைக் கொம்பிலே பட்டையை வளையமாக நீக்கி, ஈரத் தும்புத்தூளை வைத்துக் கட்டினால், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வேர்விட்ட கன்று கிடைக்கும். அஃது அதுவரை தாய்மரத்தின் நீரையே பருகுவதால் விடுமுறைபற்றி நமக்குக் கவலையில்லை. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களைக் கல்லூரி திறந்தபின் செத்தெம்பர் முதல் வாரத்திலே விதைத்தாற் போதும். நான்கைந்து வாரத்தில் அவை நடுகைக்கு ஆயத்தமாகும். கறிவேப்பிலை விதையையும் வேப்பம் விதையையும் சேமித்துவைத்துப் பின்னர் விதைக்கலாம் என்று எண்ணுதல் கூடாது. அவை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழப்பவை. பழம் உதிர்ந்த கையோடு இடவேண்டியவை. நாற்றுக்குச் சிரட்டை போதுமானது. அடியில் ஒரு துளையிட்டு, செம்மண்ணும் கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புக. மேலே ஒரு கிடுகுப் பந்தல். பொலித்தீன் பைக்குக் காசு கொடுப்பது அதன்பின் எண்ணவேண்டியது.

விற்பனையிலே ஓர் அறமும் உண்டு. பப்பாசியில் ஆண்மரமும் பெண்மரமும் வேறு வேறாக உண்டாகும் இனங்கள் பல. பூக்கும்வரை இன்னதென அறியவியலாது. ஆதலின் அத்தகைய கன்றை மும்மூன்றாக விற்று, ஒரு குழியில் நட்டுப் பூத்தபின் வேண்டாதவற்றை நீக்குமாறு வாங்குவோர்க்குச் சொல்லுதல் வேண்டும். மாங்கன்று ஒட்டியதா, விதையில் எழுந்ததா என்பதைத் துண்டிலே எழுதிக் கட்டுக. கறுத்தக்கொழும்பான் என்று எழுதி விற்ற கன்று ஆண்டுகள் சில கழிந்து வேறு காய் காய்க்குமாயின், வாங்கியவர் அன்று கல்லூரியைத்தான் நினைப்பார். கன்று விற்ற மாணவனோ அப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பான்!

கணக்கை ஓர் உதாரணத்தாற் காட்டுதும். முந்நூறு தண்டுகள் வைத்தால் மூன்றிலொன்று பட்டுப்போம் என்று முன்னரே கொள்க. எஞ்சிய இருநூற்றையும் கன்றொன்று 100 ரூபாவாக விற்பின் 20,000 ரூபா வரும். தும்புத்தூள், எரு, மின்கட்டணம் முதலியவற்றுக்கு 6,000 ரூபா கழித்தால் 14,000 எஞ்சும். இத்தொகையை என் செய்வது? பெயர்ப்பலகை எழுதுவிக்கவும் பூச்சாடி வாங்கவும் காரியதரிசிமார்க்கு ஆசை எழும். அவ்வாசையை அடக்கி, வரும் ஓகஸ்டிலே காலையும் மாலையும் நீர் விடுபவரின் கூலியை முதலில் வேறாக எடுத்து வங்கியில் இடுக. அதற்குப் பின்னரே பிற செலவு. பட்ட தண்டுகளின் தொகையையும் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தல் நன்று. எந்த மாதத்தில் வைத்தவை பிழைத்தன என்பதை அடுத்த ஆண்டின் மாணவர் அதனாலேயே அறிவர்.

அங்ஙனமாயின் கடல்கடந்த பழைய மாணவரின் உதவிக்கு இடமில்லையோ எனின், உண்டு. கிணற்றை இறைத்துச் சேறு வாருதல், நீர்த்தொட்டி கட்டுதல், ஆடுமாடு புகாவண்ணம் வேலி அடைத்தல் ஆகியவை ஒருமுறை செய்தாற் பல்லாண்டு நிற்பவை. கன்று விற்ற காசு இவற்றுக்குப் போதாது. அவர்களிடம் இவற்றைக் கேட்கலாம். முதலாண்டின் ஓகஸ்டுக் கூலியையும் கேட்கலாம். ஆண்டுதோறும் எழும் செலவை அவர்தம் தலையிற் சுமத்துதல் தகாது. மடல் எழுதும் தனாதிகாரி மாறினால் அவ்வருவாய் நின்றுவிடும். அடுத்த கோடையிலே தோட்டமும் நின்றுவிடும்.

விற்பனைத் தினத்தன்று வாயிலில் ஓர் உண்டியலை வைத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதற்குக் கீழ்வகுப்பு மாணவரையே நிறுத்துக. தாம் வைத்த செடியைப்பற்றி அவர்கள் சொல்லும் சொல்லுக்கு உயர்வகுப்பாரின் சொற்பொழிவு ஈடாகாது. பற்றுச்சீட்டும் சில்லறையும் கணித ஆசிரியரின் மேற்பார்வையில் இருக்கட்டும். இங்கிலாந்திலே செல்சி மலர்க்கண்காட்சியின் இறுதி நாள் மாலையில், காட்சிக்கு வைத்த செடிகளை விற்றுவிடுவது வழக்கம்; அதற்கெனவே காத்திருந்து வாங்குவோர் பலர். நாமும் மாலை நான்கு மணிக்குமேல் எஞ்சிய கன்றுகளை அரைவிலைக்குக் கொடுக்கலாம். அதன்பின்னும் எஞ்சுவனவற்றுள் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் கல்லூரிக் கோயிலின் பின்வீதிக்கு ஆகும். மிளகாய் நாற்றைச் சிரட்டையோடு மாணவர் கையிற் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.