படம் எப்ப வரும்? இணையத்தில் திகதி பார்க்கப் பழகுவோம்



எங்களிடம் வருகிற புதிய ஆக்கள் விண்ணப்பம், வீடு, டொக்டர் என்று எல்லாம் கதைத்து முடித்து, எழும்பிப் போகிற நேரத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு. "இஞ்ச தமிழ்ப் படம் ஓடுமோ? எப்ப வரும் என்று எப்பிடி அறியிறது?" இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிற மனிசருக்கு, சந்தோசமாக எதிர்பார்க்கவும் ஒரு திகதி வேணும். ஆகவே இந்த முறை பாடம் அதைப் பற்றியதுதான். கடைசியில் பயிற்சியும் இருக்கு. பழைய வாத்தியார் பழக்கம், பொறுத்துக் கொள்ளுங்கோ.

எங்கே பார்ப்பது?

வீட்டில் இணைய வசதி இல்லாவிட்டால் ஒக்லண்ட் நகரசபை நூலகங்களுக்குப் போகலாம். அங்கே கணினியும் வைஃபையும் இலவசம். நகர மத்தியில் லோர்ன் வீதியில் பெரிய நூலகம் இருக்கிறது. உங்கள் பகுதியிலும் ஒன்று இருக்கும்.

இந்த நாட்டுக்கென்றே உள்ள 'ஃபிளிக்ஸ்' என்ற இணையத்தளத்தில் எந்தப் படம் எந்தத் திரையரங்கில் எத்தனை மணிக்கு என்று போடுகிறார்கள். ஹொய்ட்ஸ், ஈவென்ட் போன்ற கம்பனிகளின் சொந்தத் தளங்களிலும் பார்க்கலாம். படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தேடும்போது போஸ்டரில் உள்ளபடியே எழுதுங்கோ. 'விடாமுயற்சி'க்கு அவர்கள் 'டா'வில் இரண்டு 'ஏ' போட்டார்கள். நாங்கள் ஒன்று போட்டுத் தேடினால் சில தளங்களில் "ஒன்றுமில்லை" என்று வரும். உடனே படம் வராது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொரு விடயம். தமிழ்நாட்டில் புதுப்படத்துக்கு வெள்ளிக்கிழமைதான் பழைய வழக்கம். நியூசிலாந்தில் திரையரங்குகளின் வாரம் வியாழக்கிழமை தொடங்குகிறது. அதனால் வரும் வாரத்துக் காட்சி நேரங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன் அளவில்தான் முழுமையாகத் தெரியும். திங்கட்கிழமை பார்த்துவிட்டு "போடேல்லை" என்று சலிக்கக் கூடாது.

யார் சொன்ன திகதி?

யூரியூப்பில் பெரிய எழுத்தில் திகதி போட்டு நூறு வீடியோ வரும். அதைச் சொன்னவர் யார் என்று பாருங்கோ. படத்தைத் தயாரித்த கம்பனியின் சொந்தப் பக்கத்தில் இருந்தால் அது அறிவிப்பு. வேறு யாரோ சொன்னால் அது கதை.

அறிவிப்பும் மாறும். விடாமுயற்சி 2025 பொங்கலுக்கு என்று சொல்லப்பட்டது. 2024 டிசம்பர் 31 அன்று தள்ளிவைப்பு அறிவித்தார்கள், படம் 2025 பெப்ரவரி 6 வந்தது. கங்குவா 2024 ஒக்டோபர் 10 என்று அறிவிக்கப்பட்டு, அதே நாளில் வேட்டையன் வந்ததால் நவம்பர் 14க்குப் போனது. துருவ நட்சத்திரத்தை 2023 நவம்பர் 24 என்றார்கள். அன்றைக்கே வரவில்லை என்று அறிவித்தார்கள். திரையரங்கின் தளத்தில் உங்கள் ஊரின் பெயர், மணி, இருக்கை இலக்கம் எல்லாம் வந்த பிறகுதான் பஸ்ஸுக்கும் ரிக்கற்றுக்கும் காசு ஒதுக்குங்கோ. ஒன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் ஒரு கட்டணம் கூடும். நேரே போய் வாங்கினால் அது மிச்சம். பல திரையரங்குகளில் செவ்வாய்க்கிழமை விலை குறைவு, ஆனால் சில படங்களுக்கு அந்தக் கழிவு பொருந்தாது. கேட்டுவிட்டு வாங்குங்கோ.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் திகதிக்குப் பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் பார்க்க வேணும். இந்தியாவில் கொடுத்த தணிக்கைச் சான்று இங்கே செல்லாது, இங்கே தனியாகத் தரம் பிரிப்பார்கள். 'எம்' என்றால் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது என்ற ஆலோசனை மட்டும். 'ஆர் 16' என்றால் அது சட்டம். தாய் தகப்பன் கூட இருந்தாலும் 15 வயதுப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். 'ஆர்பி 13' என்றால் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோருடனோ பாதுகாவலருடனோ பார்க்கலாம்.

யாருடைய மணிக்கூடு?

இதுதான் கஷ்டமான பகுதி. மெதுவாக வாசியுங்கோ.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். ஒக்லண்ட் அதைவிட முன்னுக்கு நிற்கிறது. குளிர்காலத்தில் ஆறரை மணித்தியாலம், கோடையில் ஏழரை. செப்டம்பர் கடைசி ஞாயிறு அதிகாலை இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்பப் பின்னுக்கு இழுப்பார்கள். 1996இல் இலங்கையில் நேரத்தை மாற்றி, 2006இல் பழையபடி கொண்டுவந்தது வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே அது வருசம் இரண்டு தரம் நடக்கிற காரியம்.

இப்ப கணக்குப் பாருங்கோ. சென்னையில் பொங்கலன்று காலை 9 மணிக்கு முதல் காட்சி என்றால், எங்களுக்கு அன்று பின்னேரம் 4.30. தொலைக்காட்சி நிகழ்ச்சி டிசம்பரில் இந்திய நேரம் இரவு 9.30 என்றால் எங்களுக்கு அடுத்த நாள் விடிய 5 மணி. ஞாயிறு இரவு என்று விளம்பரம் சொல்லும், நீங்கள் திங்கள் காலை எழும்ப வேணும். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தொடர்களை வழக்கமாகக் கலிபோர்னியாவின் நள்ளிரவு 12 மணிக்கு விடும். அது எங்களுக்கு அதே திகதி இரவு, எங்கள் குளிர்காலத்தில் 7 மணி, கோடையில் 9 மணி. காலையில் தேடினால் கிடைக்காது.

புதிதாக வந்தவர்கள் சிலர் கைத்தொலைபேசியைக் கொழும்பு நேரத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஊரில் உள்ளவர்களோடு கதைக்க வசதி என்று சொல்லுவினம். தயவுசெய்து இன்றைக்கே ஒக்லண்ட் நேரத்துக்கு மாற்றுங்கோ. உலக மணிக்கூடு என்ற பகுதியில் கொழும்பை இரண்டாவதாகச் சேர்க்கலாம், இரண்டும் தெரியும். படத்துக்குப் பிந்திப் போனால் பாட்டு ஒன்று போகும். நேர்காணலுக்குப் பிந்திப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணில் எழுதின திகதி

அமெரிக்கத் தளங்களில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 05/06 என்றால் அவர்களுக்கு மே 6. இங்கே அது ஜூன் 5. தளம் எந்த நாட்டுடையது என்று தெரியாவிட்டால் மாதத்தின் பெயர் எழுத்தில் போட்டிருக்கிற வேறு பக்கத்தைத் தேடுங்கோ. உங்களுக்கு வரும் கடிதங்களில் நாள்தான் முதல், மாதம் பிறகு. கடிதம் கையில் கிடைத்ததும் மேலே பென்சிலால் மாதத்தை எழுத்தில் எழுதி, எந்த நாள் கிடைத்தது என்பதையும் குறித்து, கடித உறையைக்கூட எறியாமல் வையுங்கோ.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய, முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 10 வேலை நாட்கள் மட்டுமே உண்டு. தடுப்பில் இருப்பவருக்கு 5. எது வேலை நாள், எது இல்லை என்று நீங்களே எண்ண வேண்டாம். "எனக்கு 3 கிழமை தந்தவை" என்று அறைத்தோழர் சொல்வதும், யூரியூப்காரர் சொல்லும் பட ரிலீஸும் ஒரே வகைதான். அன்றைக்கே உங்கள் சட்டத்தரணிக்குக் காட்டுங்கோ.

இலவசம் என்று வரும் தளங்கள்

திகதி தேடப்போனால் "முதல் நாளே இலவசமாகப் பாருங்கள்" என்ற தளங்கள் வந்து விழும். வங்கி அட்டை இலக்கம் கேட்டால் உடனே மூடுங்கோ. டொரென்ட் மூலம் படம் இறக்குவதும் இங்கே விளையாட்டில்லை. 2011இல் இருந்து உள்ள சட்டத்தின்படி மூன்று அறிவித்தல்கள் வரும். அதற்குப் பிறகு பதிப்புரிமைத் தீர்ப்பாயம் 15,000 டொலர் வரை கட்டச் சொல்லலாம். அறிவித்தல் போவது இணைய இணைப்பு யாருடைய பெயரில் உள்ளதோ அவருக்கு. அதாவது, உங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரருக்கு.

பயிற்சி

விடையைக் கையால் மூடிவிட்டுச் செய்யுங்கோ.

1. ஜூலை மாதம் வெள்ளிக்கிழமை, சென்னையில் இரவு 8 மணிக்குப் பாடல் வெளியீடு. ஒக்லண்டில் எப்போது?
2. நவம்பர் 4 பின்னேரம் 6 மணிக்கு, இந்திய நேரப்படி, டிரெய்லர். ஒக்லண்டில் எப்போது?
3. 08/11 என்பது அமெரிக்கத் தளத்தில் என்ன? உங்கள் கடிதத்தில் என்ன?
4. 'ஆர் 16' படத்துக்கு 14 வயது மகளைத் தாய் கூட்டிப் போகலாமா?

விடைகள்: 1. சனிக்கிழமை அதிகாலை 2.30. 2. நவம்பர் 5 அதிகாலை 1.30. 3. தளத்தில் ஓகஸ்ட் 11, கடிதத்தில் நவம்பர் 8. 4. முடியாது.

முதல் இரண்டில் பிழை விட்டவர்கள் கைத்தொலைபேசியோடு எங்களிடம் வாருங்கோ. உலக மணிக்கூட்டைச் சேர்த்துத் தருகிறோம், ஐந்து நிமிட வேலை.