நயினார் என்னும் நம் பெயர்

பேரணாம்பட்டுத் தோல் வணிகரிடையே 'நயினார்' என்று நம்மவர் பெயர் சொன்னால், முசுலிமோ என வினவுவர். நயினார் முகமது என அவர்களிடமும் இப்பெயர் வழங்குகிறதன்றோ! தலைவன், இறைவன் என்பதே பொருள். சைவர்தம் 'நாயனார்' என்பதும் இதன் உறவே. நாம் இதைக் குடிப்பெயராகக் கொண்டோம்.

1936இல் நீலகேசியைப் பதிப்பித்த பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார், ஆங்கில நூல்கள் பலவற்றில் 'அ. சக்கரவர்த்தி' என்று நிற்கிறார். இன்றோ கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை இட்டு, நயினாரை விட்டுவிடுகிறோம்.

திருநறுங்கொண்டைப் பார்சுவநாதருக்கு அப்பாண்டைநாதர் என்பது திருநாமம். அப்பாண்டைராஜ நயினார் என்று முழுமையாய் எழுதினால், பேரணாம்பட்டிலும் எவரும் ஐயுறார். பழைய பத்திரங்களில் நம் பாட்டனார் எப்படிக் கையொப்பமிட்டனர் என்று பார்ப்போமா?