‘வீடு’: ஒரு திரைப்படத்தை மீண்டும் காணல்

நுழையும்முன்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது பழமொழி. இவ்விரண்டிலும் இறங்கிப் பார்த்தவர்க்கே அவற்றின் அருமையும் துன்பமும் விளங்கும் என்பது அதன் கருத்து. இப்பழமொழியின் முற்பகுதியை ஒரு முழுநீளத் திரைப்படமாக ஆக்கிக் காட்டியவர் இயக்குநர் பாலுமகேந்திரா. 1988ஆம் ஆண்டு வெளிவந்த ‘வீடு’ என்னும் அப்படத்தைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம். பழைய படம் ஒன்றை மீண்டும் காண்பதால் என்ன பயன் என்பதையும் சிந்திப்போம்.

படத்தின் கதை

சுதா சென்னையில் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் இளம்பெண். தங்கையும், பாட்டு வாத்தியாராக இருந்த முதிய தாத்தாவும் அவளுடன் வாழ்கின்றனர். அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு வீட்டுக்காரர் கூறுகிறார். வேறு வீடு தேடி அலைகின்றனர். வசதியான வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. வாடகை கட்டுப்படியாகும் வீட்டில் வசதியில்லை. இறுதியில், தங்களுக்குச் சொந்தமான மனையில் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளத் துணிகின்றனர்.

அன்று தொடங்குகிறது அலைச்சல். கடனுக்கு ஓர் அலுவலகம், அனுமதிக்கு ஓர் அலுவலகம் எனச் சுதா படியேறி இறங்குகிறாள். நம்பி ஒப்படைத்த கட்டட ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார். அப்போது அவளுக்குத் துணை நிற்பவர் அங்கே சித்தாளாக வேலை செய்யும் ஓர் ஏழைப் பெண். உடைமை ஏதுமில்லாத அப்பெண்ணிடமே நேர்மை இருந்தது என்பதைப் படம் உரத்துச் சொல்லாமல் உணர்த்துகிறது.

சுதாவாக அர்ச்சனாவும், அவளை மணக்க விரும்பும் கோபியாகப் பானுசந்தரும், தாத்தாவாக நாடகமேடை கண்ட முதுபெரும் கலைஞர் சொக்கலிங்க பாகவதரும், சித்தாளாகப் ‘பசி’ சத்யாவும் நடித்தனர். 1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாக ‘வீடு’ தேர்வு பெற்றது. சிறந்த நடிகைக்கான விருது அர்ச்சனாவுக்குக் கிடைத்தது.

இயக்குநர்

பாலுமகேந்திரா இலங்கையில், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். மலையாளத்தில் ‘நெல்லு’ (1974) படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. அவர் முதலில் இயக்கிய ‘கோகிலா’ (1977) கன்னடப் படம். அதன்பின் தமிழில் ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘மூன்றாம் பிறை’ (1982) ஆகியவற்றை இயக்கினார். பிறந்த மண்ணை விட்டு நீங்கி, மொழி வேறான ஊர்களில் வாழ்ந்து தொழில் செய்தவர் அவர். தம் இளமையில் தாயார் வீடு கட்டப் பட்ட பாட்டைக் கண்டதே இப்படத்துக்கு வித்தாயிற்று என அவர் கூறியுள்ளார்.

மறுமுறை காணும்போது

‘வீடு’ படத்தில் பாடல்களே இல்லை. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பின் பகுதிகள் பின்னணியில் ஒலிக்கின்றன. சண்டையும் சாகசமும் எதிர்பார்ப்பவர்க்கு இப்படம் மெதுவாக நகர்வதாகத் தோன்றலாம். முதன்முறை காணும்போது, ‘அடுத்து என்ன நேரும்?’ என்னும் ஆவலே நம்மை நடத்துகிறது. மறுமுறை காணும்போது அந்த ஆவல் அடங்கிவிடுகிறது; கண் நிதானமாகப் பார்க்கத் தொடங்குகிறது.

ஒரு காட்சியைச் சான்றாகக் கொள்வோம். கட்டி முடியாத வீட்டைக் காணத் தாத்தா தனியே வருகிறார். பூசப்படாத சுவர்களைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். உரையாடலே இல்லாத காட்சி அது. முதன்முறை காண்போர் அவருடைய மகிழ்ச்சியை மட்டும் காண்பர். ஆனால், நிறைவு பெற்ற வீட்டில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை என்பது மறுமுறை காண்போர்க்கு முன்பே தெரியும். ஆதலால் அதே மகிழ்ச்சி அவர்களைக் கலங்கச் செய்கிறது. படம் மாறவில்லை, காண்பவர் அறிந்தது கூடியிருக்கிறது.

காண்பவரின் வயதும் பார்வையை மாற்றும். சிறுவர் தங்கையின் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பர். பெற்றோர்க்குச் சுதாவின் கவலை புரியும். முதியோர் தாத்தாவின் கைகளை நோக்குவர்.

தீர்ப்பில்லாத முடிவு

வீடு எழும்பி வரும் வேளையில் பேரிடி ஒன்று விழுகிறது. அம்மனை குடிநீர் வாரியத்தால் கையகப்படுத்தப்பட்ட நிலம் என்று தெரிய வருகிறது. சுதா நீதிமன்றத்தை நாடுகிறாள். அவள் வென்றாளா, தோற்றாளா என்று கூறாமலே படம் முடிகிறது.

‘விடு’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது ‘வீடு’. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் அச்சொல் விடுதலையைக் குறிக்கும். வீட்டுக்காரரின் சொல்லுக்கு அஞ்சாமல் வாழும் விடுதலையையே சுதா விரும்பினாள். அதைத் தேடிய முயற்சியே அவளைக் கடனிலும் வழக்கிலும் கட்டிப்போட்டது. தலைப்பின் இவ்விரு பொருளும் படம் முழுவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

மாணவர்களே, உங்களுள் பலர் அரசுக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ வாழ்பவர்கள். பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்தவர்களும் உண்டு. ‘நம் வீடு’ என்று எதைச் சொல்வது என்னும் வினாவோடு இப்படத்தைக் கண்டால், சுதாவின் அலைச்சல் உங்களுக்கு அயலாகத் தோன்றாது.

காப்பது நம் கடமை

இப்படத்தின் நெகட்டிவ் அழிந்துவிட்டதைப் பாலுமகேந்திரா வருத்தத்துடன் எடுத்துரைத்தார். தமிழ்ப் படங்களுக்கென ஆவணக் காப்பகம் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அவர் 2014இல் மறைந்தார். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்கி வருகிறது. எனினும், காலத்தில் காக்கப்படாத படச்சுருள் சிதைந்துபோகும். ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர்களால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன. திரைப்படங்களுக்கும் அத்தகைய உழைப்பு தேவை. கண்டு, பேசி, நினைவில் வைத்திருப்போர் உள்ள படைப்பையே காக்கவும் முற்படுவர்.

சொல்லும் பொருளும்

மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம்
சித்தாள் – கட்டட வேலையில் உதவும் தொழிலாளி
பேறு – கிடைத்தற்கரிய நன்மை
அயல் – தொடர்பற்றது, பிறருடையது

பயிற்சி

1. சுதாவின் குடும்பத்தினர் சொந்த வீடு கட்டத் துணிந்தது ஏன்?
2. ‘வீடு’ என்னும் தலைப்பு இரு பொருள் தருவதை விளக்குக.
3. தாத்தா வீட்டைக் காணும் காட்சி மறுமுறை காண்பவரைக் கலங்கச் செய்வது ஏன்?
4. தீர்ப்பைக் கூறாமல் படம் முடிந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உம் வீட்டுப் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து இப்படத்தைக் காண்க. அவர் மனத்தில் நின்ற காட்சியையும் உம் மனத்தில் நின்ற காட்சியையும் ஒப்பிட்டுப் பத்து வரிகளில் எழுதுக.