தண்ணீர் எட்டாத வெப்பம்

கணிப்பொறிக்குத் தண்ணீர் ஆகாது என்றே நாம் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். இன்றோ செயலியின் தலைமேலேயே தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விக்கும் முறை பரவி வருகின்றது. நம் சங்கத்து நண்பர்கள் சிலர் இம்முறையைத் தம் பொறிகளில் கையாளுகின்றனர். வேறு சிலர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, நேரு பிளேசுக் கடைகளில் விலை கேட்டு வருகின்றனர். அவர்கள் கருத்திற் கொள்ள வேண்டிய ஒன்றை இங்கு விளக்க விரும்புகின்றேன். செயலி குளிர்ந்திருக்கும்போதே, அதன் அருகில் உள்ள மின் உறுப்புகள் அளவுக்கு மீறிச் சூடேறக் கூடும் என்பதே அது.

தண்ணீரின் ஆற்றல்

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4180 ஜூல் வெப்பம் வேண்டும். அதே எடையுள்ள காற்றுக்கு ஏறத்தாழ 1005 ஜூல் போதும். எடைக்குப் பதில் பருமனை வைத்து ஒப்பிட்டால், நீர் காற்றைப்போல் 3000 மடங்குக்கும் மேலாக வெப்பத்தை ஏற்கும். 250 வாட் வெப்பம் விடும் செயலியின்மேல் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீர் ஓடுவதாகக் கொள்வோம். கணக்கிட்டால் அந்நீர் 3.6 பாகை அளவே சூடேறும். பின்னர் அது ரேடியேட்டரை அடைந்து, தான் சுமந்த வெப்பத்தைக் காற்றிடம் விட்டுத் திரும்புகின்றது. ஆகவே செயலிக்கு இம்முறை நன்மையே என்பதில் ஐயமில்லை.

மதகும் வாய்க்காலும்

ஆனால் செயலிக்கு மின்சாரம் எவ்வாறு வருகின்றது? மின்வழங்கிப் பெட்டி தருவது 12 வோல்ட். செயலி வேண்டுவதோ ஒன்றேகால் வோல்ட் அளவே. 250 வாட்டை 1.25 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 200 ஆம்பியர் வருகின்றது! நம் விடுதி அறையின் கூரை விசிறி அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கின்றது என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

இந்த மாற்றத்தைச் செய்பவை தாய்ப்பலகையில் செயலியைச் சூழ்ந்து நிற்கும் மின்னழுத்த ஒழுங்கிகள். கடைக்காரர்கள் இவற்றை வி.ஆர்.எம். என்பர். ஏரி மதகை ஒருவன் திறந்து மூடிக்கொண்டே இருந்து, கீழே தொட்டியில் நீர்மட்டம் மாறாமல் காப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அந்த மதகே மாஸ்ஃபெட் என்னும் மின்திறப்பான். அது வினாடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடுகின்றது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து தொட்டியின் வேலையைச் செய்கின்றன.

மதகுக்காரனுக்கும் களைப்பு உண்டல்லவா? ஒழுங்கியின் திறன் நூற்றுக்கு 90 என்று கொள்வோம். செயலிக்கு 250 வாட் கொடுக்க அது 278 வாட் வாங்க வேண்டும். மிச்சம் 28 வாட் அங்கேயே வெப்பமாகின்றது. மின்னணுக் கூடத்தில் ஈயம் பற்றவைக்க நாம் எடுக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அத்தகைய ஒன்று பெட்டிக்குள் ஓயாமல் எரிவதாக வைத்துக் கொள்ளுங்கள்.

இதனாலேயே பொறியாளர்கள் மின்னோட்டத்தைப் பல வழிகளாகப் பிரிக்கின்றனர். தடையால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 200 ஆம்பியரை 8 சம வழிகளில் பிரித்தால், ஒரே வழியில் செலுத்தும்போது எழும் தடைவெப்பத்தில் எட்டில் ஒரு பங்கே எட்டு வழிகளிலும் சேர்ந்து எழும். மலிவான பலகைகளில் வழிகள் குறைவு. எனவே சூடு மிகுதி.

விசிறி போனதும் நேர்வது

பழைய முறையில் செயலியின் மேலிருந்த விசிறி பலகையை நோக்கிக் காற்றை வீசியது. வயலுக்குப் பாயும் நீரால் வரப்பிலுள்ள அகத்தியும் தழைப்பது போல, அக்காற்றால் ஒழுங்கிகளும் குளிர்ந்தன. தண்ணீர் முறைக்கு மாறியதும் விசிறிகள் ரேடியேட்டரோடு பெட்டியின் ஓரத்திற்குப் போய்விடுகின்றன. செயலியைச் சுற்றிக் காற்று அசைவதில்லை.

எங்கள் துறையில் மூலக்கூறு இயக்கக் கணக்குகளுக்கென ஒரு பொறி உண்டு. ஆறு பேர் முறை வைத்து அதனைப் பயன்படுத்துகின்றோம். சென்ற மே மாதம், ஆய்வேட்டை முடிக்க வேண்டிய அண்ணன் ஒருவரின் கணக்கு அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளில் முடிய வேண்டியது இருபது நாளாகும் போலிருந்தது. செயலியின் வெப்பநிலை 62 பாகைதான். ஆனால் அதன் வேகம் அடிக்கடி நான்கில் ஒரு பங்காக விழுந்தது. உணரிகளின் அளவைக் காட்டும் நிரலில் ஒழுங்கியின் வரியைப் பார்த்தோம், 113 பாகை! தன்னைக் காத்துக்கொள்ளப் பலகையே செயலியை அடக்கியிருக்கின்றது. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை ஒழுங்கிகளை நோக்கிக் கட்டினோம். அரை மணியில் 84 பாகைக்கு இறங்கியது, வேகமும் நிலைபெற்றது. அண்ணனின் ஆய்வேடு தவணைக்குள் போய்ச் சேர்ந்தது.

வேகம் குறைவது மட்டுமன்று. மாஸ்ஃபெட்டின் தடை சூட்டோடு வளர்கின்றது. 25 பாகையில் இருந்ததைப்போல் 125 பாகையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. தடை மிகுந்தால் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்தால் தடை மேலும் மிகும். மின்தேக்கியின் ஆயுளோ குன்றுகின்றது. இன்று பெரிதும் பயன்படும் திடவகை மின்தேக்கி 105 பாகையில் 5000 மணி உழைக்கும் எனக் குறிக்கப்பட்டிருந்தால், அது ஏழு மாதத்திற்கும் குறைவு. 20 பாகை குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகும் என்பது பொறியாளர் கணக்கு. அப்போது 85 பாகையில் ஐந்தாண்டுக்கு மேல் உழைக்கும்.

2017ஆம் ஆண்டு இன்டெல்லின் எக்ஸ் 299 வகைப் பலகைகள் வெளிவந்தபோது, டெர்பவர் என்னும் பெயரால் அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் இக்குறையை வெளிப்படையாக எடுத்துக் காட்டினார். ஒழுங்கிகளின்மேல் வைத்திருந்த உலோகக் கட்டிகள் அழகுக்கு இருந்தனவேயன்றி, காற்றுப் படுவதற்குப் போதிய செதில்கள் அவற்றில் இல்லை என்பது அவர் குறை.

செய்ய வேண்டுவன

முதலாவது, காற்று. ஒழுங்கிகளை நோக்கி ஒரு சிறு விசிறி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 2019இல் வந்த ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் 2 என்னும் நீர்க்குளிர்விப்பானில் இதற்கென்றே 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்று சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, செதிலுள்ள அலுமினியக் கட்டியும் அதனடியில் இடும் வெப்பத் திண்டும். திண்டு மெல்லியதாக இருத்தல் நலம். 30 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள மாஸ்ஃபெட் 3 வாட் விடுகின்றது. திண்டின் வெப்பங் கடத்தும் எண் 6 எனக் கொள்வோம். தடிமன் ஒரு மில்லிமீட்டரானால் இருபுறத்திற்கும் இடையே 16.7 பாகை வேறுபாடு தோன்றும். அரை மில்லிமீட்டரானால் 8.3 பாகையே. ஆயினும் திண்டு இடைவெளியை நிரப்பாவிட்டால் பயனில்லை. திண்டின்மேல் ஒட்டியுள்ள காப்புத்தாளை உரிக்க மறவாதீர்.

மூன்றாவது, செயலியையும் ஒழுங்கிகளையும் ஒருங்கே மூடும் நீர்க்கட்டி. இது விலை மிகுந்தது. அந்தந்தப் பலகைக்கெனத் தனியே செய்யப்படுவது. நீர்வழியில் செம்பும் அலுமினியமும் கலந்திருத்தல் ஆகாது. இரண்டும் நீரில் சேர்ந்தால் மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படும்.

அளவெடுக்காமல் எதையும் செய்யாதீர். பலகையில் ஒழுங்கிக்கு உணரி இல்லையெனில், பலகையின் பின்புறத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்க்கலாம். பளபளக்கும் அலுமினியத்தின்மேல் அதனைக் காட்டினால், உள்ளதைவிடக் குறைத்தே காட்டும், நம்பற்க.

தில்லியின் கோடையில் அறையின் சூடே 40 பாகையைத் தொடுகின்றது. பொறியின் சூடு அதற்குமேல் ஏறி நிற்பது. ஆகையால் நண்பர்களே, பங்குனி முடியுமுன் ஒருநாள் மாலை பெட்டியைத் திறந்து, செயலியின் எண்ணோடு அதன் அண்டையாரின் எண்ணையும் பார்த்து வைப்பீர்களாக.