ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்ற வாசகம் இல்லாத கன்சல்டன்சி விளம்பரம் இன்று அரிது. சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கடன் வாங்கி விமானம் ஏறும் பிள்ளைக்குப் படிப்பு முதல் படி மட்டுமே. கண் வேலையிலும், அதற்கடுத்து அங்கேயே தங்குவதிலும் இருக்கிறது. அந்த நோக்கத்தை ஒளிக்க வேண்டியதில்லை, அந்நாட்டுச் சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஜெர்மன் மொழியை ஊரிலேயே படியுங்கள். ஆங்கிலவழி மாஸ்டர்ஸுக்கு ஜெர்மன் தேவையில்லை என்பார்கள். சேர்க்கைக்குத்தான் தேவையில்லை, வேலைக்குத் தேவை. இரண்டாவது செமஸ்டரில் துறை சார்ந்த பகுதிநேர வேலை தேடுவீர்கள். அங்கே அதற்கு 'வெர்க்ஸ்டுடென்ட்' என்று பெயர். உங்கள் படிப்புக்கு அச்சாகப் பொருந்தும் விளம்பரமாக இருக்கும், கீழே 'சரளமான ஜெர்மன் அவசியம்' என்று ஒரு வரியும் இருக்கும். மென்பொருள் ஆட்கள், அதுவும் பெர்லினில், ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாம். மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களுக்கு அது நடக்காது. தொழிற்சாலைக்குள் பேச்செல்லாம் ஜெர்மனில்தான். 'அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்' என்று போகிறவர்களில் பலர் அசைன்மென்ட், சமையல், பார்ட் டைம் இவற்றுக்கு நடுவே ஏ2 என்ற தொடக்க நிலையைத் தாண்டுவதில்லை. ஜெர்மன் கற்றுத்தரும் மேக்ஸ் முல்லர் பவன் சென்னையிலேயே இருக்கிறது. பி1 என்ற இடைநிலை வரை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஓராண்டு தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை.

உங்கள் மதிப்பெண்ணை அவர்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். அங்கே 1 என்பது முதல் தரம், 4 என்பது வெறும் தேர்ச்சி. பத்துக்கு 8 சிஜிபிஏ வைத்திருப்பவருக்கு, தேர்ச்சி எல்லை 5 என்று கொண்டால், கணக்கு இப்படி: பத்திலிருந்து 8-ஐக் கழித்து, பத்திலிருந்து 5-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 2.2 வரும். பல மாஸ்டர்ஸ் படிப்புகள் 2.5-க்குள் கேட்கின்றன, அதாவது 7.5 சிஜிபிஏ. இந்தக் கணக்குக்குக் காகிதமும் பேனாவும் போதும், ஆலோசனைக் கட்டணம் வேண்டாம்.

உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு முதலிலேயே விண்ணப்பியுங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் விசா இல்லை. அக்டோபரில் வகுப்பு தொடங்கும் பல சர்வதேசப் படிப்புகளுக்கு மே மாதத்துடனோ அதற்கும் முன்போ கதவு மூடிவிடும். கடைசி செமஸ்டர் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

பணக் கணக்கை உண்மையாகப் போடுங்கள். விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். மியூனிக்கில் அறை வாடகைக்கே அதில் பெரும்பங்கு போய்விடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கத்திய ஊர்களில் வாழ்க்கை மலிவு. பகுதிநேர வேலை வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு. 'இலவசம்' என்பதற்கு விலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-இலிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது, அதுவும் ஒரு செமஸ்டருக்கு.

போய் இறங்கியதும், வீடு கிடைத்த 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அதைத் தர மறுக்கும் வீட்டுக்குக் குடிபோகாதீர்கள்.

செய்யக்கூடாதவை

கன்சல்டன்சி காட்டும் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியார் தருகின்றன. உங்கள் பட்டியலில் ஏன் இத்தனை தனியார் பெயர்கள் என்பதற்கு விடை அதுதான். 2025-இல் பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இந்திய மாணவர்கள் சிலருக்கு, படிப்பில் பெரும்பகுதி இணையவழி என்று சொல்லி அங்கே தங்கும் அனுமதி மறுக்கப்பட்டது. கட்டிய பணம் லட்சங்களில்.

போலி அனுபவச் சான்றிதழ், 'ரெடிமேட்' எஸ்ஓபி (படிப்பு நோக்கக் கடிதம்) இரண்டும் வேண்டாம். அவை பிடிபட்டு விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதி 2025 ஜூலையிலிருந்து இல்லை. இனி மறுபடி விண்ணப்பிக்கலாம் அல்லது பெர்லினில் வழக்குப் போடலாம்.

அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று இனிமையான ஆங்கிலத்தில் மெயில் வந்தால், அந்த வீடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவு என்று தனியார் மருத்துவக் காப்பீட்டில் சேராதீர்கள். 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. அதை ஒருமுறை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது.

பரீட்சையை அரியர் மனநிலையோடு அணுகாதீர்கள். நம் ஊரில் அரியரை எத்தனை தடவையும் எழுதித் தள்ளலாம் என்ற நினைப்பு ஊறியிருக்கிறது. அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் படிப்பிலிருந்தே நீக்கம். வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேரவும் வழியில்லை. படிப்பு போனால் விசாவும் ஆட்டம் காணும். தயாராக இல்லாத பாடத்திலிருந்து குறித்த தேதிக்குள் பெயரை விலக்கிக்கொள்ள முடியும், அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

வேலை வரம்பை மீறாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். உணவு டெலிவரிக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தைக் கவனியுங்கள்: ஊழியர் என்று இருந்தால் சரி, சுயதொழில் என்று இருந்தால் மாணவர் விசாவில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகு

வேலை தேட 18 மாதம் கிடைக்கும். அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் கிடங்கு வேலையின் மாதச் சம்பளம் பழகிப்போய் அந்த 18 மாதத்தையும் கரைத்துவிடாதீர்கள். தீசிஸை ஏதாவது நிறுவனத்தில் செய்தால் பாதித் தேடல் அங்கேயே முடியும்.

பட்டதாரிகளுக்கான வேலை, தங்கும் அனுமதிக்குப் புளூ கார்டு என்று பெயர். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு அதற்கான சம்பள எல்லை 2025-இல் ஆண்டுக்கு 43,759.80 யூரோ. ஆண்டுதோறும் மாறும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பாருங்கள். புளூ கார்டு வாங்கியவர் பி1 ஜெர்மன் வைத்திருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். இங்கேயும் மொழிதான் ஆறு மாதத்தை மிச்சப்படுத்துகிறது.

குடியுரிமை வரை யோசிக்கிறவர்கள் ஒன்றை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டு ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், வாக்களிக்க முடியாது. பரம்பரை நிலம் கைக்கு வரும், புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது.